மண்ணைவிட மூத்த தெய்வங்கள்

2007 ஏப்ரலில் ரீயூனியன் தீவின் பரப்பு கொஞ்சம் கூடியது. பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலையின் கீழ்ச்சரிவு பிளந்து, எரிகுழம்பு நெடுஞ்சாலையை மூடிக்கொண்டு கடலில் இறங்கிற்று. உள்ளே இருந்த குழம்பு வடிந்ததும் உச்சியிலிருந்த தொலோமியூ என்னும் பெருவாய் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கிச் சரிந்தது. கடற்கரையில், அதுவரை அலை அடித்த இடத்தில், புகையும் கறுப்புநிலம் ஒன்று உண்டாயிருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து ஆவி எழுந்தது, மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில். 2005இல் பிறந்த ஒரு பிள்ளை இன்று அதில் நடந்து போனால், காலடி மண்ணைவிட அவனுக்கு வயது கூடுதல்.

திருநெல்வேலிப் பக்கத்துத் திசையன்விளைக்காரனான எனக்கு இது லேசில் பிடிபடாத காரியம். எங்களுக்கு மண் என்றால் பழையது. தேரி என்று நாங்கள் சொல்லும் செம்மணற்காட்டின் அடியிலிருந்து கற்கால மனிதர்கள் செதுக்கிய சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. 1956இல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றி எழுதினார்கள். எங்கள் மண் பழசு, ஆனால் அது ஒரு இடத்தில் இருப்பதில்லை. ஆனியும் ஆடியும் வந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று மணலைக் கிளப்பி மேற்கிலிருந்து கிழக்கே நகர்த்தும். உண்ணும் சோற்றில் விழும், கிணற்றில் விழும், நேற்று இருந்த ஒற்றையடிப்பாதை இன்று இருக்காது. ஒருபுறம் நிற்காத மண், மறுபுறம் இப்போதுதான் பிறக்கும் மண். இரண்டிடத்திலும் தமிழர்கள் ஒரே தெய்வங்களை நட்டுவைத்துக் கும்பிடுகிறார்கள் என்பதுதான் என்னை அந்தத் தீவைப் பற்றி வாசிக்க வைத்தது.

தீவு மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கிறது. 2,512 சதுர கிலோமீட்டர். எங்கள் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் பாதிகூடத் தேறாது. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். நடுவே 3,070 மீட்டர் உயரத்தில் பித்தோன் தெ நேஜ் என்னும் அணைந்த எரிமலை. அதைச் சுற்றி சலாஸி, மஃபாத், சிலாவோஸ் என்று மூன்று பெரும்பள்ளங்கள். தோட்டத்து அடிமைகள் சங்கிலிக்குத் தப்பி ஓடி ஒளிந்தது இந்தப் பள்ளங்களில்தான். மஃபாத்துக்கு இன்றும் வண்டிப்பாதை கிடையாது. நடந்து போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். தென்கிழக்கில் 2,632 மீட்டர் ஃபூர்னேஸ், உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. மழையைச் சொன்னால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள். 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற மேட்டில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. எங்கள் பக்கம் ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் அதில் பாதி பெய்யாது. அதே தீவின் மேற்குக்கரை மலையின் மழைமறைவில் காய்ந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கும் எங்களுக்கு அந்த மேற்குக்கரையைப் புரிந்துகொள்ள விளக்கம் வேண்டியதில்லை.

அந்தத் தீவை உண்டாக்கிய நெருப்பு ஒருகாலத்தில் இந்தியாவுக்கு அடியில் இருந்தது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அது வெடித்துப் பரவித்தான் தக்காணத்தின் கருங்கற்படுகைகள் உண்டாயின. நெருப்பு பூமிக்குள் ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றது. மேலே இருந்த நிலத்தட்டு வடக்கே நகர்ந்தது. நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று கடலடியில் ஒரு முதுகுத்தண்டு விழுந்தது. 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மொரீஷியஸ் எழுந்தது. கடைசியாக, 20, 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ரீயூனியன் கடலுக்கு மேலே தலைகாட்டியது. மகாராஷ்டிரத்துக் கருங்கல்லும் ஃபூர்னேஸின் குழம்பும் ஒரே உலையில் காய்ந்தவை. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்துகொண்ட நமக்கோ, அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தை முற்றிலும் அந்நியம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

தீவில் பழங்குடிகள் என்று யாரும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறும்வரை அங்கே இருந்தவை பறவைகளும் பேராமைகளும் வௌவால்களுமே. பிறகு மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள்; காப்பி, பிறகு கரும்பு. 1848 டிசம்பர் 20 அன்று அடிமைமுறை ஒழிந்தபோது அறுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலை பெற்றார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே என்று ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நம் ஆட்களைக் கூட்டிப்போனார்கள். 1860, 61இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் மதராஸ் மாகாணத்திலிருந்து ஆள்பிடிப்பது பெருகிற்று. அங்கே நடந்த கொடுமைகள் பற்றிய புகார்கள் முற்றி, 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. மொத்தத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் தஞ்சை, தென்னார்க்காடு, புதுவைச் சுற்றுப்புறங்களைச் சேர்ந்தவர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் தூத்துக்குடியில் தோணியேறிக் கொழும்புக்குப் போனார்கள். இலங்கைத் தோட்டங்களின் கதை வேறு. ஆகவே ரீயூனியனில் எனக்கு உறவுமுறை கொண்டாட ஆள் கிடையாது. ஆனால் தெய்வங்களைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகங்கள்.

கப்பலிலிருந்து இறங்கியவர்களை முதலில் கிராந்த் ஷாலூப் என்ற இடத்திலிருந்த நோய்த்தடுப்பு முகாமில் அடைத்தார்கள். மலைகளுக்கிடையே கடலை நோக்கித் திறந்த ஒரு பள்ளத்தாக்கு. அந்தக் கட்டடங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அம்மைக்கும் காலராவுக்கும் பயந்து கட்டியது அது. அம்மைக்கு ஒரு தாயை ஏற்கெனவே கூடவே கூட்டி வந்தவர்கள் அதற்குள் படுத்துக் கிடந்தார்கள். பிறகு தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பினார்கள். கல்பானோன் என்று சொல்லும் வரிசைக் கொட்டில்களில் வாழ்க்கை. சர்க்கரை ஆலைக்கும் கரும்புக் கொல்லைக்கும் நடுவே கிடைத்த மூலையில் கோயில். மாரியம்மன், காளி, மதுரைவீரன், முனீஸ்வரன், பேச்சி. தீமிதிக்குத் திரௌபதி; அவளை அங்கே பாந்தியாலே என்கிறார்கள். கடற்பயணத்தில் காத்த நாகூர் ஆண்டவருக்கு ஒரு கொடிமரம் நட்டு, இந்துக்களே கொடியேற்றிக் கும்பிடுகிறார்கள். இந்த வழிபாடுகளைப் பற்றி கிறிஸ்தியான் பரா 1989இல் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பு ‘நர்குலான்’, நாகூராரின் அந்தத் தீவுப்பெயர்.

இங்கே எங்கள் சீமை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குடும்பம் ஊர் பெயர்ந்தால் குலதெய்வத்தின் கோயிலுக்குப் போய், பீடத்தடியில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள்துணியில் முடிந்துகொண்டு போவார்கள். போன ஊரில் அந்தப் பிடிமண்ணை வைத்துப் பீடம் கட்டினால் தெய்வம் அங்கே வந்து நின்றுவிடும். மும்பை தாராவியிலும் சென்னையிலும் நெல்லைக்காரர்கள் வைத்த கோயில்கள் பலவற்றுக்குப் பிடிமண் எங்கே எடுத்தது என்று கேட்டால் உடனே ஊர்ப்பெயர் சொல்வார்கள். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை மாதம் முடியும்போது கள்ளர்வெட்டு நடக்கும். தேரி மணலில் இளநீரை வெட்ட, அந்த நீர் சிந்திய செம்மண்ணை ஆயிரக்கணக்கானவர்கள் அள்ளிக்கொண்டு போய் வீட்டிலும் வயலிலும் வைப்பார்கள். உவரி சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ச்சை வேறுவிதம்: கடலுக்குள் இறங்கி ஓலைப்பெட்டியில் மண் எடுத்து, தலையில் சுமந்து வந்து கரையில் கொட்ட வேண்டும், 11 பெட்டி, 41 பெட்டி என்று வேண்டிக்கொண்டபடி. காசோ பட்டோ கேட்காமல் கடலிலிருந்து கொஞ்சம் நிலத்தை மீட்டுத் தா என்று கேட்கும் சாமி அது.

இப்படி மண்ணில் ஊறிய மக்களின் தெய்வங்கள், மண்ணே இல்லாத பாறைக்குப் போனால் என்ன ஆகும்? நான் அந்தத் தீவைப் பற்றி வாசித்ததெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான்.

ஒன்று கவனித்தேன். அங்கே போன தமிழர்கள் எரிமலையைச் சாமியாக்கவில்லை. ஹவாயியில் எரிமலை பெலே என்னும் பெண்தெய்வம். ரீயூனியனில் எரிமலைக்கு ஒரு கிழவி உண்டு, கிரான்மேர் கால்; குழம்புக்குள் வாழ்கிறாள், அடங்காத பிள்ளைகளைப் பிடித்துப்போவாள் என்று சொல்லிப் பயங்காட்டுவார்கள். அவள் அடிமைகளின் நினைவிலிருந்து வந்தவள், கோயில் இல்லாதவள். இத்தனைக்கும் நெருப்பைக் கும்பிடத் தெரியாதவர்களா நாம்? திசையன்விளையில் வடக்குத்தெரு சுடலை ஆண்டவர் இருக்கிறார். விளக்கிலிருந்து தெறித்த சுடர் பார்வதியின் முந்தானையில் விழுந்து பிள்ளையானது என்பது சுடலைமாடன் பிறந்த கதை. கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டிலும் கணியான் கூத்திலும் அதைப் பாடுகிறார்கள். ஆனால் மாடன் நெருப்பு அல்ல. நெருப்பில் பிறந்து, பசி மிகுந்து, சுடுகாட்டுக்குப் போய், கடைசியில் ஊருக்குக் காவலாக அனுப்பப்பட்டவன். தேரியையும் நாங்கள் கும்பிடுவதில்லை. தேரிக்குள் ஒரு சுனை இருக்கிறது, அதைக் காக்கும் அருஞ்சுனை காத்த அய்யனாரைத்தான் கும்பிடுகிறோம். ஆட்டிவைக்கும் இயற்கைக்கும் ஆட்டம் காணும் வீட்டுக்கும் நடுவே நிற்க ஒருவர் வேண்டும். நாட்டார் தெய்வம் நிற்பது அந்த எல்லையில். எரிமலைத் தீவில் அந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. மாரியும் மதுரைவீரனும் முனியும் போய் நின்றார்கள்.

1977 ஏப்ரலில் பித்தோன் சேன்த்-ரோஸ் என்ற ஊருக்குள் குழம்பு வந்தது. வழக்கமாக ஃபூர்னேஸ் தன் பெரும் அரண்களுக்குள்ளேயே பொங்கி வடியும்; அந்த முறை வெளியே பிளந்தது. ஊரைக் காலிசெய்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை, வீடுகள் எரிந்தன. குழம்பு மாதாகோயில் வாசல்வரை வந்து, இருபுறமும் பிரிந்து சுவரை அணைத்தபடி போய் நின்றுவிட்டது. கோயிலுக்கு இப்போது குழம்புகளின் மாதா என்று பெயர். கொஞ்சம் தள்ளி, குழம்பு இறங்கும் கிராந்த் ப்ரூலே சரிவில், நீலக்குடை பிடித்த மாதா சிலை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. குழம்பு வந்தபோது சிலையை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள், ஆறியதும் திரும்ப வைத்தார்கள். காவலுக்கு வைத்த தெய்வத்தை மக்களே தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றுவதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. ஓலைப்பெட்டியில் சாமிக்கு நிலம் சுமப்பவர்களுக்கு அது விளங்கும். உவரியிலும் சுயம்புலிங்கருக்கு அருகே அந்தோனியார் கோயிலும் கப்பல்மாதா கோயிலும் அதே கடலைப் பார்த்து நிற்கின்றன. மணப்பாட்டில் சவேரியார் தங்கிய குகை மணல்மேட்டில் இருக்கிறது. கடலோரத்தில் பிழைப்பவர்கள் ஒரே ஒரு காவலாளியோடு நின்றுகொள்வதில்லை.

அங்குள்ள தமிழர்கள், மல்பார் என்று அந்தத் தீவு அழைக்கும் மக்கள், பலரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், பள்ளிப்பெயர் பிரெஞ்சு, குடும்பப்பெயர் ராமசாமி, வைத்திலிங்கம் என்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள் மாரிக்கும் கூழ் காய்ச்சுகிறார்கள். சாலையோரங்களில் ரத்தச்சிவப்பில் சிறு மாடங்கள் உண்டு. உள்ளே எக்ஸ்பெதி என்னும் ரோமானியச் சிப்பாய்ப் புனிதர். உடனே காரியம் முடித்துக் கொடுப்பார் என்று நம்பிக்கை. கொடுக்காவிட்டால் சிலையின் தலையைக் கொய்துவிடுவதும் உண்டு. செங்காவியும் சுண்ணாம்பும் பூசிய எங்கள் சாலையோரப் பீடங்களோடு அந்த மாடங்களையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். சாமியிடம் சண்டைபோடும் உரிமை இருக்கும் வரைதான் அது நம் சாமி.

தீமிதி கரும்பு வெட்டு முடிந்த பிறகு, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் நடக்கிறது. தோட்டமுதலாளி விடுமுறை கொடுத்த காலம் அது. பஞ்சாங்கம் ஆலைச்சங்குக்கு வளைந்துகொடுத்தது. பதினெட்டு நாள் விரதம். இரவில் ‘பால் தமுல்’ என்ற கூத்து. பாரதக் கதையை விடியவிடிய ஆடுவார்கள். பாடுகிறவர் கையில் பழைய நோட்டுப்புத்தகம். வரிகளின் பொருள் தெரியாமலே தலைமுறையாகப் பாடிவந்தவர்களும் உண்டு. வீட்டில் பேச்சு கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. தமிழ் நாவிலிருந்து போய்விட்டது. அடுப்பங்கரையில் மட்டும் நின்றது. ஆட்டுக்கறிக்கு மசாலை அரைக்கிறார்கள், முருங்கைக்கீரை கடைகிறார்கள். முருங்கை விளைவித்து ஊர் ஊராக அனுப்பும் திசையன்விளைக்காரன் இதைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது. மொழி போனது வலிக்கிறது. கீரை இருக்கிறதே என்று அந்த வலியை ஆற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

தீவில் குழம்பு விட்டுப்போன புதுநிலத்தில் முதலில் வருவது சாம்பல்நிறப் பாசிக்காளான் ஒன்று, ஸ்தீரியோகோலன். குழம்பு ஆறிய சில ஆண்டுகளில் கறுப்புப் பாறை வெளிறிப்போகும், காரணம் அதுதான். பிறகு வெடிப்புகளில் பெரணி. பிறகு புதர், மரம். அடர்காடாக நூற்றாண்டுகள் ஆகும். ஆனால் மனிதர்கள் குடியேறிய பிறகு வழிந்த குழம்புகளின்மேல் பழைய காட்டின் பெரிய விதைமரங்கள் வந்து சேரவில்லை என்று தாவர ஆய்வாளர்கள் கண்டார்கள். பழத்தைத் தின்று விதையைத் தூக்கிவந்த பேராமைகளும் பழந்தின்னி வௌவால்களும் வேட்டையில் அழிந்துவிட்டன. சுமப்பவர்கள் போனபின் விதை தாய்மரத்தடியிலேயே கிடக்கிறது. அந்த இடத்தைச் செங்கொய்யா போன்ற வந்த செடிகள் பிடித்துக்கொள்கின்றன, இங்கே சீமைக்கருவேலம் பிடித்ததுபோல.

பனையும் பெரிய விதைதான். காற்றோ சிறுபறவையோ பனங்கொட்டையைத் தூக்கிப்போகாது. தேரிமணலை நிறுத்தப் பனை வேண்டும் என்று கண்டுகொண்ட முன்னோர் கையால் புதைத்துப் புதைத்துத்தான் இந்தச் சீமை ஊர்களாயிற்று. இடையன்குடியில் 1841 முதல் பல்லாண்டு வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் பனையைச் சுற்றிய வாழ்க்கையை விரிவாக எழுதினார். அதே எழுத்தில் எங்கள் தெய்வங்களைப் பேய் என்று ஒதுக்கினார். அதை நான் ஏற்கவில்லை. 1841 என்றதும் ரீயூனியனின் எட்மோன் அல்பியுஸ் நினைவுக்கு வருகிறான். பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். மெக்சிகோவிலிருந்து வந்த வனிலாக்கொடி அங்கே பூத்தது, காய்க்கவில்லை, மகரந்தம் சுமக்கும் தேனீ இல்லாததால். ஒரு குச்சியாலும் பெருவிரலாலும் பூவுக்குள் அந்த வேலையை அவன் செய்து காட்டினான். உலகத்து வனிலாத் தோட்டங்களெல்லாம் இன்றும் அவன் முறையில்தான் நடக்கின்றன. அவன் 1880இல் வறுமையில் செத்தான்.

ஆமையின் வேலையையும் தேனீயின் வேலையையும் ஏற்றுச் சுமந்தவர்கள் தீவை வாழுமிடமாக்கினார்கள் என்று தோன்றுகிறது. தெய்வங்களைச் சுமந்தவர்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். தெய்வத்துக்குத் தாய்மண் வேண்டும் என்பதைவிடச் சுமப்பவன் வேண்டும் என்பதே சரி. பிடிமண்ணில் முக்கியம் பிடி, மண் அல்ல.

அதனால்தான் பிற்காலத்தில் அங்கே நடப்பதைக் குறித்து எனக்கு ஒரு தயக்கம். 1970கள் தொடங்கித் தமிழகத்திலிருந்து ஸ்தபதிகளும் குருக்களும் போனார்கள்; வண்ணக் கோபுரங்கள் எழுந்தன. வேரைத் தேடும் தாகத்தில் பிறந்த முயற்சி, குறைசொல்லக்கூடாது. மொழி படிக்கவும் அதுதான் பலரைத் தூண்டியது. ஆனால் அதோடு ஆலைமூலைக் கோயிலின் பலியும் பறையும் கொச்சை என்ற எண்ணமும் வந்தது. இங்கேயும் அதே கதை. மாடன் ஆண்டவர் ஆனார், பீடத்துக்குக் கும்பாபிஷேகம் வந்தது, 2003இல் தமிழக அரசு பலித்தடைச் சட்டத்தைக் கையிலெடுத்து அடுத்த ஆண்டே கைவிட்டது. கிடாவெட்டுக்காக வாதாட நான் வரவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் எரிமலையடியில், அந்நியச் சட்டத்தில், கொட்டிலில் கிடந்து ஒருவன் காப்பாற்றிவந்த வழிபாட்டைத் திருத்தும் தகுதி, அவனை அனுப்பிவிட்டு மறந்த தாய்நாட்டுக்கு இல்லை என்கிறேன். கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

மண்ணைப் பற்றி நமக்கு அவசரமாகக் கற்றுக்கொள்ள இருக்கிறது. அந்தத் தீவு 2010இல் தன் மலைகளையும் பள்ளங்களையும் உலக மரபுச் சின்னமாகப் பதியவைத்தது. தீவில் ஐந்தில் இரண்டு பங்கு தேசியப் பூங்கா. நாமோ உவரியை ஒட்டிய கரைகளில், பக்தன் பெட்டி பெட்டியாகச் சுமந்து கொட்டிய அதே கடல்மணலை, கார்னெட் என்றும் இல்மனைட் என்றும் பிரித்துக் கப்பல் கப்பலாக அனுப்பினோம். 2013இல் மாநில அரசு அதற்குத் தடைபோட்டது. தேரியில் இன்னும் செம்மணல் லாரியேறுகிறது, பனை செங்கல்சூளைக்குப் போகிறது. எங்களிடம் எரிமலை இல்லை. போன கரை இனிப் பொங்கி வராது.